விசில் நின்றுவிட்டது என்று நினைத்தேன்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். போன மாதம் நீ போன் செய்து, மாப்பிள்ளையும் நீயும் பிரிந்துவிட்டதாகச் சொன்னாயாம், நான் ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லி வைத்துவிட்டேனாம். நேற்று உன் அக்கா வந்து, ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க, இனிமே வீட்டுக்குப் போனே பண்ண மாட்டேன்னு அவ எழுதியிருக்கா என்று சத்தம் போட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். சத்தியமாக நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

உன் அறையில் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, உன் மேசைமேல் சிற்றலை ரேடியோ கட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதில் மிக்ஸர் என்று ஒரு வால்வு, பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல். வெளியிலிருந்து வரும் அலையோடு பெட்டிக்குள் உண்டாகும் அலையைக் கலந்து, கையாள வசதியான வேறொரு அலையாக்கித் தருவது அதன் வேலை. அது சரியாக அமையாவிட்டால் இரைச்சலும் விசிலும்தான் மிச்சம். ஐந்து கிரிட் வால்வு போட்டேன், ஒரே இரைச்சல். அதைப் பிடுங்கி இரட்டை ட்ரையோடு என்ற வேறு வால்வு போட்டேன், காயிலைத் திரும்பச் சுற்றினேன், தகரத் தடுப்பு வைத்தேன், குனிந்து குனிந்து இடுப்பே ஒடிந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் இரைச்சலும் இல்லை, விசிலும் இல்லை. பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டால் அவள் காதைப் பொத்திக்கொண்டு, ஐயோ அணைச்சுத் தொலைங்க, கீச்சுனு காதைக் கிழிக்குது என்றாள். உனக்கு வயிற்றெரிச்சல் என்றேன். அவள் டிஜிட்டல் தெர்மாமீட்டரை என் வாயில் வைத்து, சத்தம் வந்ததும் சொல்லுங்க என்றாள். பத்து நிமிடம் வாயை மூடி உட்கார்ந்திருந்தேன், அது எப்போதோ கத்தி ஓய்ந்துவிட்டதாம்.

உங்க காதுக்குக் கீச்சுச் சத்தமெல்லாம் கேட்காமல் போய்விட்டது, பெண்குரல், அதுவும் போனில், வார்த்தை பிடிபடாது என்றார் காது டாக்டர். நீ பேசும்போது குரல் வரும், வார்த்தை வராது. ரேடியோவில் வால்வின்மேல் பழி, போனில் லைனின்மேல் பழி என்று இருந்துவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்வாயோ என்று, சரிம்மா, சந்தோஷம்மா என்று ஒப்பேற்றி வந்தேன். அன்றைக்கும் உன் குரல் வந்ததே என்றுதான் சந்தோஷம் என்றேன். எவ்வளவு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என்னிடம் முதலில் சொல்லியிருப்பாய், அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி ஒப்பேற்றி ஒப்பேற்றி எனக்கே அலுத்துவிட்டதம்மா.

ரேடியோவைப் பிரித்து அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன், உன் மேசை காலி, கட்டிலையும் பழைய இடத்துக்கே நகர்த்தியாயிற்று. செய்தது சரியா தப்பா என்று இங்கே யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் எனக்குக் கேட்காது. வேளைக்குச் சாப்பிடு, வெறும் காப்பியிலேயே பொழுதை ஓட்டாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும். நீ இங்கே கிளம்பி வரும் தேதியைப் போனில் மட்டும் சொல்லாதே, எழுதிப் போடு. கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, உன்னைப் பார்க்கத்தான் வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா