கரும்பலகைக்கு அடியில்

மாதுங்கா,
21 செப்டம்பர் 1965

அன்புள்ள உங்களுக்கு, விசாலாக்ஷி அநேக நமஸ்காரம்.

இல்லை, நாகுவைப் பள்ளியிலிருந்து இன்னும் நிறுத்தவில்லை. அவளை நிறுத்திவிட நாக்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய சம்மதக் கடிதம் அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது.

சண்டை தொடங்கியது முதல் ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். பொழுது சாய்ந்தால் தெருவே இல்லை. காது கேட்காத குழந்தைக்கு இருட்டில் பேச்சும் இல்லை. என் உதட்டை விரலால் தடவிப் பார்க்கிறாள். நான் சிரித்தால்தான் கையை எடுக்கிறாள். சிரிக்கிறேன்.

பள்ளியில் அபாயச் சங்கு ஒத்திகை. ஊதியதும் பிள்ளைகள் கீழே ஓட வேண்டும். முதல் தடவை பக்கத்தில் உட்காரும் பெண் ஆபிதா இவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். தலைமையாசிரியை பாகீரதி அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "நிஜமாவே குண்டு விழுந்தா யார் இழுத்துண்டு ஓடுவா? நாளைக்கு யார் ஜவாப் சொல்றது?" என்றார். ஒரு பரீட்சை வைத்தார். இவளை யாரும் தொடக்கூடாது. தானாக இறங்கி வந்தால் பள்ளியில் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள். எல்லோருக்கும் கடைசியாக, ஆனால் தானாக. "உங்க பொண்ணுக்கு முதுகுலயும் கண்ணு, மாமி!" என்று ஆபிதா குதித்தாள். நானும் சிரித்தேன், இருட்டு இல்லாமலே.

நேற்றுதான் புரிந்தது. நாகு இப்போது பலகையைப் பார்ப்பதில்லை. பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து மற்றவர்களின் கால்களையே பார்க்கிறாள். எந்தக் கால் முதலில் அசையும் என்று. வீட்டிலும் வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறாள்.

பாடம் கவனிக்காத பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று இப்போது பாகீரதி அம்மாள் கேட்கிறார். பலகைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு போடுங்கள், சங்கோடு சேர்ந்து எரியட்டும் என்றேன். "ஊரே விளக்கணைச்சுண்டு இருக்கு, உங்களுக்கு பல்பு வேணுமா?" என்று சிரித்தார். பரீட்சை மறுபடியும் உண்டு. எப்போது என்று சொல்ல மாட்டாராம்.

கோபம் வேண்டாம். இன்னொரு சம்மதக் கடிதமும் வேண்டாம். நாகுவுக்கு என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். பலகையைப் பார், பயமில்லை என்று. நீங்கள் எழுதினால் நம்புவாள். நீங்களும் இருட்டில் வெளியே நடக்காதீர்கள்.

உங்கள்
விசாலாக்ஷி

பி.கு.: நேற்று இதை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை டின்னுக்கு அடியில் இருந்ததை அடுப்பில் போட்டேன். முக்காலியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சங்கு ஊதினால் எழுந்து நிற்பேன், யாரும் நாகுவைத் தொட வேண்டாம் என்று பாகீரதி அம்மாளிடம் சொல்லிவிட்டு, அவள் வகுப்பில் கரும்பலகைக்கு அடியில் உட்கார்ந்தேன்.