கண்டன உரைக்குத் தந்த இசைவு

மண்ணரை,
12.8.2007

அன்பு மகளே,

நீ அமெரிக்காவில் 'ராப்' எனும் சொல்லிசைப் பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் பெயர் பெற்ற ஆறாண்டுகளில் நான் எழுதும் முதல் மடல் இது. உன் இசையை வெறுங்கூச்சல் என்று மேடையில் நான் கண்டித்த உரையின் ஒலிப்பதிவையே பாடலாக்கி, அதை வெளியிட என் இசைவைக் கேட்டிருக்கிறாய்.

நீ அனுப்பிய குறுந்தட்டை என் நண்பர் முஸ்தபா தம் பின்னலாடைக் கூடத்தில் ஒலிக்கவிட்டார். தையற்பொறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏனுங்கய்யா, திட்டும்போது கூடத் தாளம் தப்பலீங்களே," என்று தைத்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

இசைவு தருகிறேன். ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. உரையின் நடுவே நான் மூச்சு வாங்கும் இடத்தை வெட்டியிருக்கிறாய். அங்கேதான் உன் அம்மா, "தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்க," என்று சொல்வது கேட்கும். அதைச் சேர்த்துவிடு. அவள் குரல் நம்மிடம் வேறெங்கும் இல்லை.

மகிழ்வுடன்,
உன் தந்தை