இருபத்தாறு முழுப்பேர்

மேல்டிவிஷன் லயம்,
கொடகவெல.
15.10.2008, புதன்

அன்பு மகள் சுஜீதாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இதை ஆஸ்பத்திரியில் வேலைக்கு நடுவில் வாசிக்காதே, தனியாக இருக்கும்போது வாசி. போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் எந்நேரமும் அப்பாவின் சட்டைப்பையில் கிடக்கிறது. அப்துல் ரஸாக் நானா தன் கடைக்குச் சாமான் எடுக்க நாளை விடியக் கொழும்பு போகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அப்பா லயத்து வீடு எல்லாவற்றிலும் சொல்லிவிட்டார். அவருடைய மூச்சு மெஷினின் கார்டைப் பார்த்து உங்கள் டாக்டர் மெச்சினாராம். கடைசி இருபத்தாறு இரவும் ஆறு மணிநேரத்துக்குக் குறையவில்லையாம், தூக்கத்தில் மூச்சு நிற்கவே இல்லையாம், இனி லாரி ஓட்டலாம் என்று கடிதமும் தந்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை நீ அதைத் தோட்டத்துத் துரையின் ஆபீசுக்கு ஃபேக்ஸ் பண்ணுவாயாம்.

மகளே, அதை அனுப்பாதே. அந்த இருபத்தாறு இரவும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தது அப்பா இல்லை. நான்.

மாசியில் அவர் கண்ணயர்ந்து தேயிலைக் கொழுந்து லாரியை ரோட்டோரக் கானுக்குள் இறக்கியது உனக்குத் தெரியும். அன்றைக்கு மேலே சாக்குகள் மட்டும்தான் இருந்தன, பிழைத்தோம். அன்றிலிருந்து ஃபெக்டரி மாடியில் கொழுந்து உதறுகிற வேலை. இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனுக்கு அது எப்படி இருக்கும்? ஆனாலும் உன் அப்பாவுக்கு உடம்பைவிட வீம்பு பெரிது. நீ கொண்டுவந்து வைத்த மெஷினை முதல் கிழமை அரை மணி மாட்டுவார், தண்ணிக்குள் முகத்தை அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி எறிவார். நாலு மணிநேரத்துக்குக் குறைந்தால் டாக்டர் கணக்கில் எடுக்கமாட்டார் என்று நீயோ சொல்லிவிட்டுப் போயிருந்தாய்.

எனக்கு மலையில் பேர் போடுவதுதான் ஞாபகம் வந்தது. கிலோ குறைந்தால் சம்பளம் எழுதுகிற செக்ரோலில் அந்த நாளுக்கு அரைப்பேர், அரைநாள் கூலிதானே விழும். என்னோடு கொழுந்து ஆய்கிற சின்னம்மா அக்காவுக்கு முதுகு முடியாத நாளில் என் கொழுந்தில் ரெண்டு கிலோவை அவள் சாக்கில் போட்டு முழுப்பேர் ஆக்கிக் கொடுப்பேன். எனக்கு முடியாத நாளில் அவள் போடுவாள். யார் கை ஆய்ந்தது என்று தராசு கேட்பதில்லை. இந்த மெஷினும் அப்படித்தான், மணியை மட்டும் எண்ணும் என்று நினைத்தேன். மூச்சையும் எழுதிவைக்கும் என்று இந்த மடச்சிக்குத் தெரியாமல் போனது.

அப்பாவுக்கு இரண்டாம் நாளே தெரியும். காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இன்னைக்கு எத்தன மணி போட்ட?" என்று கேட்பார். சொல்வேன், இரண்டு பேரும் சிரிப்போம்.

உன் போன் வந்த அன்று இரவும் புதுக் கார்டுக்காக நான்தான் மாட்டியிருந்தேன். நடுவில் கரண்ட் போய்விட்டது. மாஸ்க்கைக் கழற்றினேன். பக்கத்தில் குறட்டை டக்கென்று நின்றது. மூக்கில் விரலை வைத்தேன், காற்று இல்லை. எண்ணினேன், முப்பத்தெட்டு வரை வந்தது. போட்டு உலுக்கிய பிறகுதான் திணறிக்கொண்டு மூச்சு விட்டார். இத்தனை வருஷமும் அவர் மூச்சு நின்றால் தூக்கத்திலேயே என் முழங்கை அவரை இடிக்கும். இந்த இருபத்தாறு இரவும் என் காதில் மெஷின் இரைச்சல்தான். நான் நன்றாகத் தூங்கினேன், சுஜீதா.

கடிதம் வந்தால் திங்கட்கிழமை லாரி அவர் கைக்குப் போகும். காலையில் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதும் அதே லாரிதான். சின்னம்மா அக்காவின் பேத்தி ஷாமிளா முன் சீட் தனக்கு என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். நேற்று அவள், "தாத்தா எப்ப லாரி எடுப்பாரு?" என்று கேட்டாள். அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை இரவு அவரிடம், "நீங்க மாட்டலைன்னா நான் படுக்கமாட்டேன், விடிய விடிய உக்காந்திருப்பேன்" என்று சொன்னேன். வாய்க்கு வந்தபடி ஏசினார், அப்புறம் மாட்டினார். அன்று ஒன்றரை மணிநேரம். நேற்று இரண்டு மணி பத்து நிமிஷம். இதோடு அனுப்பும் கார்டில் அந்தக் கடைசி இரண்டு இரவை மட்டும் டாக்டரிடம் காட்டு. அரைப்பேருக்குக்கூடக் காணாது, தெரியும். ஆனால் அது உன் அப்பாவின் மூச்சு.

டாக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதம் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு ஒரு வருஷம் பேசமாட்டார். பேசாவிட்டால் போகட்டும், பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு பேசாமல் இருக்கட்டும். அவர் கேட்டால் நீயே கண்டுபிடித்ததாகச் சொல்லி என்னைக் காப்பாற்றாதே. அம்மாதான் சொன்னாள் என்று சொல்.

முருகன் உனக்குத் துணை இருப்பான். வெள்ளிக்கிழமை அந்த ஃபேக்ஸ் பக்கம் மட்டும் போய்விடாதே, என் தங்கமே.

உன் அம்மா,
ஏ. இந்திராணி