ஆர்.ஐ. சாருக்கு அடித்த செவலைக் கோழி

சேர்வராயன் துணை

கொட்டச்சேடு,
மாசி பௌர்ணமிக்கு மறுநாள்.

திருப்பூரில் மகள் வீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரி பூவாயிக்கு, மலைமேல் இருந்து வேடியப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில் உன் கன்னம் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருப்பதை லாசர் டீக்கடையில் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

அமுதா கண்ணு, இதை உங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறவள் நீதான். மூன்றாம் வகுப்போடு நின்ற அப்பன் எழுத்தென்று சிரிக்காமல் நிறுத்தி வாசி. நடுவில் உன்னைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் வரும். அதையும் விடாமல் வாசி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே வாசி.

பூவாயி, வந்துவிட்டது. முதியோர் பென்ஷன் வந்தேவிட்டது. நேற்று போஸ்ட்மேன் ரோட்டில் நின்றே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரோ செத்துவிட்டதாகத் தந்தி என்று நினைத்து நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன். பார்த்தால் மணியார்டர். கையெழுத்தா கைநாட்டா என்று கேட்டார். கையெழுத்துத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஆனால் பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் பாதி பேர் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அங்கிருந்து நேராக லாசர் கடைக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். முட்டிவலியை ரோட்டிலேயே விட்டுவிட்டேன். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் என் செலவில் டீ.

இனிமேல் மாசாமாசம் வரும். நான் மூச்சு விடுகிற வரைக்கும் வரும். மூச்சு விடுகிறேனா என்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம். அதற்காகவே விடாமல் விட்டுக்கொண்டிருக்கலாம் என்று இருக்கிறேன்.

போன வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து, டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏனுங்க, ஒரு ஒலையில ரெண்டு பேரு அரை வவுறு திங்கறதுக்கு ஒருத்தராச்சும் முழு வவுறு திங்கட்டுமுங்க. மாசம் பொறந்தா நெலையா ஒண்ணு ஊட்டுக்கு வருதுன்னு சொல்லுங்க, அன்னைக்கே பொறப்பட்டு வந்தர்றனுங்க" என்றாய். கண்டக்டர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவரே சாட்சி. இப்போது வந்துவிட்டது. பேச்சு மாறக்கூடாது.

இத்தனை மாசம் ஏன் இழுத்தது என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். மேலே பைல் நகரவில்லை என்று எழுதிக்கொண்டே வந்தேன். அது பொய். காரணம் உன் செவலைக் கோழி. அதை மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று எழுதினேன் அல்லவா? அந்த மரநாய் நான்தான். அமுதா, இங்கே கொஞ்சம் நிறுத்து. உங்கம்மா திட்டி முடித்த பிறகு மேலே வாசி.

நடந்தது இதுதான். ஆவணி மாசம் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. சார் என்னைப் பார்க்க வருகிறார் என்று தலையாரி வந்து சொன்னார். இவன் உண்மையிலேயே வசதி இல்லாதவன்தானா, வேறு வருமானம் உண்டா என்று நேரில் பார்த்து எழுதினால்தான் பென்ஷன். ஆனால் ஒரு ஆபீசர் நம் வாசல் ஏறினால் நம் ஊரில் என்ன செய்வோம், உனக்குத் தெரியாதா? லாசர் கடையிலிருந்து நாற்காலி வந்தது. பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் தன் கட்டிலையும், மருமகள் சீராகக் கொண்டுவந்த புது பெட்ஷீட்டையும், சுவர்க் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். எஸ்டேட் ரைட்டர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். நான் அமுதா கல்யாணத்துக்குக் கட்டிய கரை வேட்டியைக் கட்டிக்கொண்டேன். வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? செவலை குழம்பானது. மசாலா அரைத்தது சென்னம்மாள். அதனால் பாதித் திட்டு அவளுக்குச் சேரும்.

ஆர்.ஐ. சார் பேர் பாலசுப்பிரமணியம். நல்ல மனிதர். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, பெரியவரே, எப்படிப் பொழைப்பு ஓடுகிறது என்று கேட்டார். நானும் மரியாதையாக, உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க சார் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். சுற்றி நின்ற எல்லோரும் ஆமாமுங்க என்று தலையாட்டினார்கள். மறு மாசம் கடுதாசி வந்தது. மனுதாரர் நல்ல வசதியோடு வாழ்ந்து வருகிறார், மனு தள்ளுபடி. லாசர் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பாய்லரே குலுங்கியது. எனக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் மரநாய் மேல் பழியைப் போட்டேன்.

சும்மா விடுவேனா? ஏற்காட்டுக்குப் போய் மறுபடியும் மனு கொடுத்தேன். இந்தத் தடவை ஊரே சேர்ந்து என்னை ஏழையாக்கியது. கரை வேட்டியைச் சென்னம்மாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். லாசர் எனக்கு இருமக் கற்றுக்கொடுத்தார். கண்ணை இப்படிச் சொருகு, குரலை அப்படி இறக்கு என்று கடை மூடின பிறகு தினமும் ஒத்திகை. நான் இருமின இருமலைக் கேட்டு ஒரு டூரிஸ்ட்காரர் பாவப்பட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் ஆர்.ஐ. சார் சொன்ன நாளுக்கு வரவில்லை. கார்த்திகை மழையில், யாருக்கும் சொல்லாமல், திடுதிப்பென்று வந்து நின்றார். வெள்ளக்கடைப் பக்கம் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதாம். தொப்பலாக நனைந்து நடந்தே வந்திருக்கிறார். கணுக்காலில் அட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு இருமலும் மறந்துவிட்டது, சொருக வேண்டிய கண்ணும் மறந்துவிட்டது. உப்பை வைத்து அட்டையை எடுத்துவிட்டு, அடுப்பை மூட்டி, வெல்லம் போட்ட கடுங்காப்பி வைத்தேன். என் நசுங்கின டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

நீங்களும் குடியுங்கள், அங்கே இன்னொரு டம்ளர் இருக்கிறதே என்று கையைக் காட்டினார். பரண் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் உன் பித்தளை டம்ளரைத்தான் காட்டினார். அது ஒருத்தருடையதுங்க சார், திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். எப்போது வருவார்கள் என்றார். லாசர் கற்றுக்கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை. "ரெண்டு பேருக்கு ஒல வெக்க வழி பொறந்தா வருவாங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது.

ஆர்.ஐ. சார் டம்ளரை ஊதி இரண்டு வாய் குடித்தார். பிறகு, மகள் வீட்டுக்கு நீங்களும் போய்விடலாமே என்றார். அது ஒரே அறை, மாப்பிள்ளை கால் நீட்டிப் படுத்தால் கதவைச் சாத்த முடியாது, நான் எங்கே படுப்பது என்றேன். மாப்பிள்ளை கோவித்துக்கொள்ள வேண்டாம். உயரமான மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டது உங்கள் மாமியார்தான்.

சரி, போன தடவை மட்டும் ஏன் குறையே இல்லை என்று சொன்னீர்கள் என்று ஆர்.ஐ. சார் கேட்டார். "ஊடு தேடி வந்தவங்ககிட்ட போயி இல்லைன்னு சொல்லுவாங்களாங்க சார்?" என்றேன். அவர் மீதிக் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைத் தானே மழைத்தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து, இப்போது நீங்கள் குடியுங்கள் என்று என்னிடம் நீட்டினார். வாசல் தாண்டும்போது மட்டும் திரும்பி, அந்தக் கோழிக் குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது என்றார். உன் கோழி வீண் போகவில்லை, பூவாயி.

உன் பித்தளை டம்ளரை நான் என்னவோ ஆசையால் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நசுக்கிவிட்டால் நீ திருப்பூரிலிருந்தே கத்துவாய் என்ற பயம்தான்.

அமுதா கண்ணு, இந்த இடத்தில் உன் குரல் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா வந்துவிட்டால் நீ கம்பெனிக்குப் போகும்போது பாப்பாவை யார் பார்ப்பது? யோசிக்காமல் கேட்கவில்லை, சாமி. ஆனியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாக நீயே எழுதியிருந்தாய். அதுவரைக்கும் அவளும் பாட்டியோடு வரட்டும். அங்கே வெயிலில் வேர்க்குரு வந்து அழுவாள், இங்கே கம்பளிக்குள் சுருண்டு தூங்குவாள். வைகாசித் திருவிழாவைக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்போது நானே கொண்டுவந்து விடுகிறேன். அன்றைக்கு ஒரு ராத்திரி மாப்பிள்ளை காலை மடக்கிப் படுத்தால் போதும்.

நான் வந்து கூட்டிப்போகலாம்தான். ஆனால் மணியார்டர் வரும்போது ஆள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று போஸ்ட்மேன் பயங்காட்டுகிறார். அதனால் சேலம் வரைக்கும் மாப்பிள்ளை கொண்டுவந்து ஏற்காடு பஸ் ஏற்றிவிடட்டும். பூவாயி, எலுமிச்சம்பழத்தை மறக்காதே. போகும்போது கொண்டை ஊசி வளைவில் முன்சீட்டுக்காரர் சட்டையை நீ என்ன பண்ணினாய் என்று கண்டக்டர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

நேற்றே ஒரு செவலைக் குஞ்சு வாங்கிவிட்டேன். உன் பேரைத்தான் வைத்திருக்கிறேன். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து முறைக்கிறது. ஆனால் அதற்குத் திட்டத் தெரியவில்லை. இங்கே உனக்குத் திட்டு வேலை மலையாகச் சேர்ந்து கிடக்கிறது. சட்டி அடிப்பிடித்துக் கிடக்கிறது, கூரைத் தகடு ஒழுகுகிறது, உன் பழைய சேலையை அடுப்புத்துணியாக்கிவிட்டேன். வீடு எந்நேரமும் ஒரே அமைதியாக இருக்கிறது. அதை என்னால் ஒன்றும் பண்ண முடியவில்லை.

காப்பிச் செடியெல்லாம் மொட்டுக் கட்டி நிற்கிறது. ஒரு மழை விழுந்தால் மலையே வெள்ளையாகிவிடும். பூ இரண்டொரு நாள்தான் நிற்கும், பிறகு கருகிவிடும். மழை நமக்காகக் காத்திருக்காது, பூவாயி.

மாப்பிள்ளைக்கு ஓவர்டைம் குறையாமல் கிடைக்கட்டும். அமுதாவுக்குக் கைகால் வலி இல்லாமல் இருக்கட்டும். பாப்பா நூறு வயசு இருந்து அவள் பாட்டியை மாதிரியே ஒருத்தனைத் திட்டிக்கொண்டு வாழட்டும். எல்லோரையும் சேர்வராயன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கவர்மெண்டு பென்ஷன்காரர்
வேடியப்பன்

அமுதா கண்ணு, இந்த ஒரு வரியை மட்டும் மாப்பிள்ளை இல்லாத நேரத்தில் உங்கம்மாவுக்கு வாசி: பித்தளை டம்ளரைப் புளி போட்டு விளக்கி, நிமிர்த்தி வைத்துவிட்டேன்.