உன் ஒழுங்கைக்கே குடிவந்துவிட்டேன்

அக்கா,

இன்று காலை பேக்கரியின் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு பெரிய வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் வந்தது. கீழே இறங்கிப்போய் ஒரு றாத்தல் பாண் கேட்டேன். பாண்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"அந்த மூலை வீட்டு அக்காட நங்கியா, தங்கச்சியா? முகம் அப்பிடியே இருக்கு."

"ஓம்."

"அவங்க என்னோட தினமும் கதைக்கிறவங்க. நங்கி ஒராள் இருக்கிறதாச் சொல்லவே இல்லையே."

சூடான பாணைக் கையில் வைத்துக்கொண்டு நடு ஒழுங்கையில் நின்றேன். நீ செத்துப்போன பிறகு கொஞ்சம் ஆறியிருந்த கோபம் திரும்பவும் உச்சிக்கு ஏறியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் புருஷன் என்னில் கைவைத்த அன்று திருகோணமலையிலிருந்து உனக்குத்தான் போன் எடுத்தேன். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குப் பக்கத்தில இரு. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றாய். பார்மசி வேலையை விட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறினேன். 'எனக்குப் பக்கத்தில' என்று நீ சொன்ன அந்தச் சொல்லை நம்பித்தான் ஏறினேன்.

புறக்கோட்டையில் வந்து இறங்கியதும் கட்டிப்பிடித்து அழுதாய். ஆனால் கொட்டாஞ்சேனையில் இருக்கிற உன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கொண்டுபோய் விட்டாய். உன் மாமிக்குச் சுகமில்லை, வீட்டில் இடமில்லை என்றாய். உன் வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன இடம் பார்ப்போம் என்று கேட்டேன். "விசரே உனக்கு? வேலை தேடுறதெண்டா இங்க வெள்ளவத்தை, காலி வீதிப் பக்கம்தான் வசதி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கிட்ட" என்றாய். நியாயமாகத்தான் பட்டது.

வீடு பார்க்கப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "உங்கட வீட்டுக்காரர் எங்க?" முதல் வீட்டில் உள்ளதைச் சொன்னேன். தனிப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். அடுத்த இடத்தில், வீடு நேற்றே போய்விட்டதாம். வாடகைக்கு என்ற பலகை ஒரு கிழமைக்குப் பிறகும் அந்தக் கேற்றில்தான் தொங்கியது. நீ படிக்கட்டில் நின்று அவர்களைக் கிழி கிழியென்று கிழித்தாய். எனக்காகச் சண்டைபிடிக்க ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா?

அதற்கடுத்த வீட்டில் நான் வாய் திறக்கும் முன் நீயே சொல்லிவிட்டாய். "அவர் கட்டாரில. லீவுக்கு வருவார்." உடனே அந்த வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் கிடைத்தது. வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "சும்மா இரு. வீடு கிடைச்சதோ இல்லையோ?" என்றாய். பிறகு குந்தியிருந்து மகளின் சட்டைக் கொலரைச் சரிசெய்தபடி, "ஆர் கேட்டாலும் அப்பா கட்டாரில எண்டு சொல்லோணும், சரியோ?" என்றாய். அவள் தலையாட்டினாள்.

பார்மசிகளிலும் அதே கேள்விதான். உண்மையைச் சொன்ன இடங்களிலிருந்து யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கடைசியில் களைத்துப்போய் உன் பொய்யையே நானும் சொன்னேன், வேலை கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா கட்டார் வெயிலைப் பற்றிக் கேட்பார். போகாத நாட்டின் வெயிலுக்கு நான் பதில் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பூசை முடிந்து மீன் குழம்போடு வருவாய். மகள் உன் மடியை விட்டு இறங்கமாட்டாள். அடுத்த கிழமை நாங்கள் வருகிறோம் என்றால், "ஏன் பஸ்ஸில இடிபட்டுக்கொண்டு? நான்தான் வாறனே" என்பாய். அதை அன்பென்று நினைத்தேன். அன்புதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ குசினியில் விழுந்துவிட்டாய் என்று அத்தான் போன் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன் வீட்டு வாசல்படியை நான் மிதித்த முதல் நாள், நீ ஹோலில் பெட்டிக்குள் கிடந்த நாள். ஒரே ஊரில் இருந்தோம், அக்கா!

சுகமில்லை என்று நீ சொன்ன உன் மாமி கல்லுப்போலத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தா. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தங்கச்சியோ? உடனேயே பிளேன் கிடைச்சதோ பிள்ளை? நீயும் புருஷனும் கட்டாரில எண்டல்லோ இவள் சொன்னவள்" என்றா.

அவனை மட்டுமல்ல, என்னையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறாய்! அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்கார அம்மாவும் செத்தவீட்டுக்கு வந்து பின்னால் நின்றா. அந்த நேரம் அது என் கண்ணில் படவில்லை. "நான் கட்டாருக்குப் போனதே இல்லை மாமி. வெள்ளவத்தையிலதான் இருக்கிறன். புருஷனை விட்டிட்டு வந்தனான்" என்று சத்தமாகவே சொன்னேன். செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

மாமி பெட்டிக்குள் இருந்த உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தா. பிறகு, "இதையோ மறைச்சவள்?" என்றா. "இவள் இங்க வாழ வாறதுக்கு முதல் என்ர மூத்தவளும் அப்பிடித்தான் வந்து மேலறையில இருந்தவள். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உனக்கும் தந்திருப்பனே."

அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். எல்லோரும் நீ செத்ததற்கு அழுகிறேன் என்று நினைத்தார்கள். கோபத்தில் அழுதேன். நீ ஒருதரம் கேட்டுப் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் வந்து போன அத்தனை ஞாயிறுகளையும் நாங்கள் அந்த மேலறையில் ஒன்றாக இருந்து கழித்திருக்கலாம். ஊர்வாய்க்குப் பயந்து என்னை ஒளித்தாயே, அந்த ஊர் உன்னைக் கேட்டதா?

வீட்டுக்கார அம்மா மாதம் முடிய வீட்டிலிருந்து எழும்பச் சொன்னா. "புருஷன் இல்லாதது பிரச்சினையில்லை பிள்ளை, பொய்தான் பிரச்சினை" என்றா. அது முழு உண்மையா என்று தெரியாது. ஆனாலும் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன்.

திரும்பவும் வீடு தேடல்; பொய் சொல்லி எடுத்த வேலையையும் விட்டதால் திரும்பவும் வேலை தேடல். மாமி மேலறைக்கு வரச் சொன்னா. நீ இல்லாத வீட்டில் இருக்க மனம் வரவில்லை. ஆனால் இந்த ஒழுங்கையை விடவும் மனமில்லை. இந்தமுறை அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "புருஷன் இல்லை. விட்டிட்டு வந்தனான். தருவீங்களோ?" பல கதவுகள் சாத்தின. உன் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும், "எனக்கென்ன? தண்ணிப் பைப்பை மட்டும் ஒழுங்காப் பூட்டுங்கோ" என்றார். சந்தியில் இருக்கிற பார்மசி முதலாளி, டொக்டர்மாரின் கையெழுத்து விளங்குமா என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை பாணோடு நான் மேலே ஏறி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் மகளிடம் கதைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா எங்க மகள்?"

"கட்டாரில" என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"இல்லை, நாங்கள் பிரிஞ்சிட்டம்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு மகளை உள்ளே கூட்டிவந்தேன்.

"பெரியம்மாதானே அப்பிடிச் சொல்லச் சொன்னவ?"

"அது பொய் அம்மா. இனிச் சொல்லாத."

அவள் பாணின் ஓரத்தைப் பிய்த்தாள். "பெரியம்மாவுக்கு எங்களில விருப்பமில்லையோ?"

உன்மேல் உள்ள ஆத்திரத்தில் எதையும் சொல்லியிருக்கலாம். "நிறைய விருப்பம்" என்றேன். அதுவும் உண்மைதான். பொய் சொல்லமாட்டேன் என்று முடிவெடுத்த பிறகு, அதையும் சொல்லத்தானே வேண்டும்.