பெண்பூ நின்ற இடம்

ரஜப் பிறை பதினைந்து, வியாழன்.

தண்ணீர் இறங்கிய வற்றுக் கடலில் நின்றது மூன்று பேர்: நான், என் கணவருடைய தங்கை ரிஹானா, கடற்புல் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிள்ளை.

காற்றே இல்லை. ஆனாலும் குறுணல் அரிசி போன்ற வெள்ளைப் பூக்கள் தண்ணீரின் மேல் வழுக்கி வந்து என் அபாயாவின் ஓரத்தைச் சுற்றிக் கூடின. விலகி நின்றேன். அங்கேயும் வந்தன.

"மச்சி, இதுகள் உங்களத்தான் பொண்ணெண்டு நெனச்சிட்டுதுகள் போல," என்று ரிஹானா சிரித்தாள்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "எல்லாம் ஆண்பூ, ஆன்ட்டி. இந்தக் கரைப் புல் முழுக்க வேரால பரவின ஒரே செடி. பெண்செடி இல்லாட்டி விதை இல்ல. ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்டாச் சாகும்."

பெண்பூக்கள் நின்ற இடம் எனக்குத் தெரியும். போன வருஷம் அவர் வள்ளம் போக வழி தோண்டியது அங்கேதான். துறையடியில் பெண்செடி ஒரு பிடி மட்டும் மிச்சம். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு அதையும் தோண்டப் போகிறார். வேண்டாமென்றேன். "புல்லுத்தானே, முளைக்கும்," என்று படுத்துவிட்டார்.

அபாயாவை மூன்று தரம் அலசினேன். பூக்கள் இன்னும் ஓரத்தை விடவில்லை.

யா அல்லாஹ், சுபஹுத் தொழுகைக்கு எழும்பியதும் அவரிடம் மறுபடி கேட்பேன். அதற்குள் நல்ல பதிலொன்றை அவர் வாயில் வைத்துவிடு.