அட்டையின் பின்பக்கம்

என்னங்க,

பெண்கள் சைக்கிள் பயணத்துக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவரிடமாவது வாயைத் திறந்து பேசுங்கள். ஒன்பது நாளாக இந்த வீட்டில் அந்தக் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

அன்றைக்கு, “இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டீர்கள். “உங்களைக் கேட்டுத்தான் செய்யணுமா?” என்றேன். அது கொஞ்சம் அதிகப்படிதான்.

நேற்று, பயணத்துக்கு வரும் நாற்பத்திரண்டு பேருக்கும் எண் அட்டை எழுதினேன். யாராவது விழுந்துவிட்டால் கூப்பிட, பின்பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பர் வேண்டும். பதினொரு பேர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “உங்க நம்பரையே போட்டுக்குங்க அக்கா” என்றார்கள். சிரித்துக்கொண்டே எழுதினேன். கடைசியில் என் அட்டையை எடுத்தேன், நானும் ரொம்ப நேரம் யோசித்தேன்.

சாவி செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

பி.கு.: உங்கள் நம்பரைத்தான் எழுதியிருக்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கு மட்டும் எடுங்கள்.